சுண்ணாம்பு வாடை

ஆகஸ்ட் 1, வியாழன்

என் பெயர் எத்திராஜ். வயது எழுபத்தொன்று. இதை நானே எழுதுகிறேன்.

இந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. முதலில் சிலேட்டில் பல்பத்தால் எழுதிப் பார்த்தேன். தப்பு இல்லை என்று தெரிந்த பிறகு பேனாவால் நோட்டில் எழுதினேன். எழுதி முடித்து அதையே பத்து தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் என் பெயர்தான் வந்தது.

எழுத்தறிவு வகுப்பில் சகாயமேரி டீச்சர், "பெருசா ஒண்ணும் வேணாம், தெனம் கண்ணால பாத்தத எழுதுங்க" என்றார். இன்று நான் பார்த்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலியை. தள்ளுவண்டியில் ஆட்டுக் குடல் விற்கிறவள். குடலைக் கழுவிய கையோடு வகுப்புக்கு வந்துவிடுவாள். அவள் சிலேட்டில் 'அ' எழுதினால் அந்த எழுத்தே நாறும்.

நான் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டாள். "இன்னா எத்திராஜு, மூஞ்ச அப்டி வச்சினுகீற? நீ இன்னா சந்தனக் கடையா வச்சினு இருந்த?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் தோல் ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்தவன். சுண்ணாம்புக் குழியில் இறங்கி, ஊறிய தோலை இழுத்துப் போட்டு, மயிரையும் கொழுப்பையும் வழித்து எடுக்கிற வேலை. அதை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. அப்போது எதுவும் நாறவில்லை. இப்போது எல்லாம் நாறுகிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

'அருவருப்பு' என்று எழுதிக் காட்டும்படி டீச்சரிடம் கேட்டேன். எழுதிக் காட்டினார். இருபது தடவை எழுதினேன். நல்ல வார்த்தை. எனக்கு நிறைய தேவைப்படும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். நான், என் மகன் ஜெயபால், மருமகள் கோமளா. ஜெயபால் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறான். பேத்தி நித்யா வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கிறாள்.

கோமளாவுக்கு நாற்பது வயது. இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. சுத்தமான பெண் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு வாரமாக அவளைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. பல் தேய்க்கும்போது குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரிக்கிறாள். பத்து அடி தள்ளி நான் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறேன். குடித்த கூழ் எனக்கும் மேலே வருகிறது.

"கொஞ்சம் தள்ளிப் போயி துப்பக் கூடாதாம்மா?" என்றேன்.

"எங்க மாமா தள்ளிப் போறது? அந்தப் பக்கம் செவுருதான் கீது" என்றாள்.

அதோடு போகவில்லை. ஒரு பழைய டப்பாவில் மண்ணைப் போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் துப்புகிறாள். டி.வி. பார்க்கும்போது துப்புகிறாள். வெங்காயம் நறுக்கும்போது துப்புகிறாள். மத்தியானம் மூன்று மணிக்கு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். வாயோரம் எச்சில் வழிகிறது. அதன்மேல் ஈ.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பன்னிரண்டு பல்பம் உள்ள டப்பா வாங்கி ஜன்னல் மேடையில் வைத்திருந்தேன். இன்று எண்ணினால் ஏழுதான் இருக்கிறது. நான் ஒன்றைக்கூட இன்னும் முழுதாகத் தேய்க்கவில்லை. எலிதான். பக்கத்து வீட்டில் மரப்பொறி வாங்கி, மசால் வடை வைத்துப் பல்ப டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

எலி விழுந்தது. பூனைக்குட்டி அளவு. வால் பொறியின் கதவில் மாட்டி நசுங்கியிருந்தது. வடையைத் தின்றுவிட்டு அதன்மேலேயே கழிந்து வைத்திருந்தது. சாக்கடையில் கொட்டிவிட்டு மூன்று தடவை கை கழுவினேன்.

திரும்பி வந்து எண்ணினேன். பல்பம் நான்கு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று என் எழுத்துக்கு மரியாதை கிடைத்தது. பாஞ்சாலியின் தள்ளுவண்டிப் பலகையில் வெள்ளை பெயிண்டால் 'பாஞ்சாலி குடல் கடை' என்று எழுதிக் கொடுத்தேன். கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். நான் எதிர்க்கடையில் டீ குடிக்கிற மாதிரி ஒரு மணி நேரம் நின்று, அவர்கள் படிப்பதைப் பார்த்தேன். பாஞ்சாலி ஒரு கிலோ குடல் கொடுத்தாள்.

அதைக் கொண்டுபோய்க் கோமளாவிடம் கொடுத்தேன். அடுப்பில் வைத்தாள். ஒரு கொதி வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வாசலைத் தாண்டும் முன்பே வந்துவிட்டது. என் செருப்பின் மேல்.

குடல் முழுவதையும் தெருநாய்க்குப் போட்டுவிட்டாள். என் முதல் எழுத்துக் கூலி நாய் வயிற்றுக்குள் போய்விட்டது.

சாயங்காலம் ஜெயபாலிடம் சொன்னேன். "அவ வயிறு கெட்டுக் கெடக்குது. இந்த வாட்டி அவளுக்கும் பேதிக்குக் குடுத்துடணும்."

ஆவணி முதல் ஞாயிறு வீட்டில் எல்லாரும் பேதி மருந்து குடிப்பது எங்கள் வழக்கம். தோல் ஷாப்காரன் வயிற்றில் சுண்ணாம்புத் தூசி சேரும், வருஷத்துக்கு ஒரு தடவை கழுவிவிட வேண்டும் என்று என் நைனா ஆரம்பித்தது. நான் விடாமல் நடத்தி வருகிறேன்.

"எனக்கு வேணாம் மாமா" என்றாள் கோமளா. ஜெயபால் தரையைப் பார்த்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் குடித்தாள். அப்போது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடம்பிலிருந்த சூடெல்லாம் இறங்கிவிட்டது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இனிமேல் இவளுக்குக் குழந்தை நிற்காது என்று சொன்னதாக மட்டும் காதில் விழுந்தது. அதிலிருந்து நானும் ஜெயபாலும் மட்டும்தான் குடிக்கிறோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நான் பக்கத்தில் போனால் கோமளா முந்தானையால் மூக்கை மூடுகிறாள். மூன்று நாளாகக் கவனித்துவிட்டு ஜெயபாலைக் கேட்டேன். இழுத்தான். "அது ஒண்ணும் இல்ல நைனா... உன்மேல சுண்ணாம்புக் குழி வாடை அடிக்குதாம் அவளுக்கு."

எட்டு வருஷம் ஆகிறது. தினமும் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். இன்று நான்கு வேளை குளித்தேன். பீர்க்கங்கூட்டால் தேய்த்ததில் தோள்பட்டை சிவந்துவிட்டது. அப்போதும் அவள் மூக்கு மூடியேதான் இருந்தது.

நாள் முழுக்க டப்பாவில் துப்புகிறவளுக்கு என்மேல் அருவருப்பாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வகுப்பில் பாஞ்சாலியிடம் மெதுவாகக் கேட்டேன். "என்மேல எதுனா வாடை வருதா?"

"இந்த வயசுல இன்னா கேள்வி கேக்குற நீ?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் என் சட்டையை மோந்து பார்த்தாள். "சோப்பு வாடைதான் வருது. கல்யாண மாப்ள மாதிரி கீற. யாரு அது, சொல்லு." டீச்சரும் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

ஆக, கெட்டது கோமளாவின் மூக்குதான். மூக்கு கெட்டது வயிறு கெட்டதால். பேதி கொடுக்காமல் விடப்போவதில்லை என்று ஜெயபாலிடம் திரும்பவும் சொன்னேன். அவன் அவளிடம் பேசினான். "சரி, குடிக்கிறேன். இந்த வூட்ல நிம்மதியா துப்பக்கூட முடியல" என்று அழுதாள்.

ஆகஸ்ட் 14, புதன்

நாட்டு மருந்துக் கடைக்கு நடந்தே போய் மருந்து வாங்கி வந்தேன். வழியில் எல்லாக் கடைப் பலகையும் படித்தேன். அதனால் ஒரு மணி நேரம் அதிகமாக ஆனது.

"பொம்பளைங்களுக்கும் குடுக்கப் போறீங்களா? முழுகாம இருந்தா குடுத்துடாதீங்க பெரியவரே. கலைச்சி வுட்டுரும்" என்றார் கடைக்காரர்.

"அந்தப் பேச்சே இல்ல. என் மருமகளுக்கு நாப்பது வயசு, பேத்தி காலேஜ் போவுது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பல்பம் இரண்டு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எலியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

வகுப்பு சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். சமையல் மூலையில் கறுக் கறுக் என்று சத்தம். கோமளா சுவரைப் பார்த்து உட்கார்ந்து என் பல்பத்தைத் தின்றுகொண்டிருந்தாள். முறுக்கு தின்கிற மாதிரி. உதட்டில் சாம்பல் நிறத்தில் கறை. கடித்து மென்று விழுங்கிவிட்டு, விரலை நாக்கில் தொட்டு மடியில் விழுந்த தூளையும் ஒற்றி எடுத்தாள்.

சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன். அவளைத் திட்டி இந்த நோட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரி எழுதும்போதே வேறொன்று நினைவுக்கு வந்தது.

என் மனைவி கன்னியம்மா சுவரைச் சுரண்டித் தின்றாள். இப்போது அவள் இல்லை. அப்போது எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சாண் அளவுக்குச் சுண்ணாம்பே இருக்காது. அதுவும் எப்போதும் இல்லை. ஜெயபால் வயிற்றில் இருந்தபோது.

என் உடம்பு நாற்றத்தோடு நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவள் கன்னியம்மா. ஷாப்பிலிருந்து வந்த உடனே சாப்பாடு போடுவாள். ஒரு சொல் சொன்னதில்லை. முதல் தடவையாக அவள் மூக்கை மூடியபோது எனக்குக் கோபம் வந்து பத்து நாள் ஷாப்பிலேயே படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஜெயபால் பிறந்தான். இரண்டாவது தடவை மூடினாள். செல்வி பிறந்தாள். மூன்றாவது தடவை மூடினாள். மணிமேகலை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகிறவரை மூடவில்லை.

இன்று இவ்வளவு போதும்.

ஆகஸ்ட் 17, சனி, காலை

ஆறு வருஷத்துக்கு முன்னாலும் கோமளா மூக்கை மூடினாள். அப்போதும் நான் ஷாப்பை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் நான்தான் என் கையால் மருந்து கொடுத்தேன்.

இதைச் சிலேட்டில் எழுதிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, சாயங்காலம்

ஜெயபாலிடம் போனேன். "இந்த வாட்டி பேதி வேணாம்டா."

"ஏன் நைனா?"

"எனக்கு ஒடம்பு சரியில்ல."

"அப்ப நீ குடிக்காத. நானும் அவளும் குடிக்கிறோம். நீதான நைனா தெனம் கத்தினுகீற? கெஞ்சிக் கூத்தாடி இப்பத்தான் அவள ஒத்துக்க வச்சேன்."

வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. எங்கள் பக்கத்தில் மாமனார் இந்தப் பேச்சைப் பேசமாட்டான். நித்யா வயிற்றில் இருக்கிறாள் என்பதே எனக்கு ஏழாம் மாசம் வளையல் போட்டபோதுதான் தெரியும். ஜெயபாலிடம் சொன்னால், நீ ஏன் அதையெல்லாம் கவனித்தாய் என்று ஒரு பார்வை பார்ப்பான். கோமளாவிடம் நேராகச் சொல்ல நாக்கு கூசுகிறது. பாஞ்சாலியிடம் சொல்லி அனுப்பலாம். அவள் கோமளாவிடம் வருவதற்குள் எங்கள் ஊர் பேரணாம்பட்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

மருந்தை எடுத்துச் சாக்கடையில் போடலாம் என்று தேடினேன். ஜெயபால் எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டான்.

விடிந்தால் ஆவணி முதல் ஞாயிறு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பதினேழு தடவை. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்கு ஜெயபால் மருந்தை அரைத்து, விளக்கெண்ணெயும் சுக்குத் தண்ணீரும் விட்டு டம்ளரில் கலக்கினான். தோல் ஷாப்பிலிருந்து ஓடுகிற தண்ணீரைப் பிடித்து வைத்த மாதிரிப் பச்சையும் கறுப்புமாக இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. உடம்பு சரியில்லை என்றாயே என்று என்னைப் பார்த்தான். எனக்கும் வை என்றேன். அவன் தன்னுடையதைக் குடித்துவிட்டு உடனே முகம் கோணி ஓங்கரித்துக்கொண்டே கக்கூசுக்கு ஓடினான்.

கோமளா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடியிருந்தாள். கண்ணீர் வந்தது.

என்னிடம் கடைசிப் பல்பத்தில் ஒரு விரல்நுனி அளவு மிச்சம் இருந்தது. சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்தேன். சிலேட்டை எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை. எழுத்தெல்லாம் சாய்ந்து போயின.

'குடிக்காதே. உன் மாமியாருக்கு என்மேல் சுண்ணாம்பு வாடை மூன்று தடவை வந்தது. ஜெயபால், செல்வி, மணிமேகலை. உனக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தது. இப்போதும் வருகிறது.'

சிலேட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பிறகு டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்.

"எனக்கும் சந்தேகம்தான் மாமா" என்றாள். "அதுவா, இல்ல நிக்கிற வயசான்னு புரியல. காலேஜ் போற பொண்ண வச்சினு இத எப்டி வெளிய சொல்றது? இவரும் குடி குடின்னாரு. சரி, போறதா இருந்தா போவட்டும், யாருக்கும் தெரியாமப் பூடும்னு..."

சுவரைப் பார்த்தபடியே கேட்டேன். "உனுக்கு இன்னா வேணும்மா?"

என் கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த பல்பத்துண்டை யாரோ உருவுவது தெரிந்தது. தின்னப் போகிறாள் என்று நினைத்தேன். சிலேட்டில் கீச்சென்று சத்தம் கேட்டது. திரும்பினேன். என் எழுத்துக்குக் கீழே, மிகவும் சின்னதாக எழுதியிருந்தாள்.

'வேணும்.'

பாடத்துக்கு வெளியே யாரோ எனக்கென்று கையால் எழுதி நான் படித்த முதல் வார்த்தை அது. எழுத்துக் கூட்டவில்லை. பார்த்த உடனே படித்துவிட்டேன்.

கக்கூஸ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மேடையில் இரண்டு டம்ளர் நிறைய மருந்து. கொட்ட நேரமில்லை. என்னுடையதைக் குடித்தேன். அவளுடையதையும் குடித்தேன். முப்பத்தெட்டு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றபோதுகூட அப்படி ஒன்று என் வாய்க்குள் போனதில்லை. தொண்டையில் இறங்கியது, திரும்பி வந்தது, திரும்ப விழுங்கினேன்.

"இன்னா, ரெண்டு பேரும் குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் ஜெயபால்.

"ஆச்சு" என்றேன். வாயைத் திறந்தது தப்பு. கொஞ்சம் வெளியே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு கக்கூசுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டோம். "நைனா, சீக்கிரம் வா. எனக்குத் தாங்கல" என்று அவன் வெளியே குதிக்கிறான். நான் உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். மத்தியானம் வெளியே அவன் சொன்னது கேட்டது. "இவளுக்கு ஒரு வாட்டிகூட வரலியே. வயிறா இது, இரும்புப் பொட்டியா?" கோமளா எனக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் மூக்கு.

சாயங்காலம் அவளே அவனிடம் சொல்லிவிட்டாள். ஜெயபால் வெளியே வந்து என் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது என்னவென்று அவனுக்கு அன்றே தெரியும். ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை.

இன்று காலை இரண்டு பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். இரண்டு மாசம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பல்பம் தின்னக் கூடாது என்று நர்ஸ் சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். வயது அதிகம் என்பதால் வாரம் தவறாமல் வரச் சொல்லியிருக்கிறார். புதுப் பல்ப டப்பாவை ஜெயபால் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். எழுத வேண்டும் என்றால் அவனைக் கேட்டு ஒன்று வாங்க வேண்டும்.

நித்யா போன் செய்தாள். "தாத்தா, நர்சிங் படிக்கிறது நானு, கண்டுபுடிக்கிறது நீயா?" என்று சிரித்தாள். அம்மாவைக் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைத்தான் கோபித்துக்கொண்டாள். "இனிமே பேதி மருந்து வூட்டுக்குள்ள வந்துச்சு, உன்ன ஹாஸ்டலுக்குத் தூக்கினு வந்து ஊசி போட்டுப் பழகுவேன்" என்றாள்.

என் நைனா ஆரம்பித்ததை நான் முடித்துவிட்டேன். மிச்ச மருந்தைச் சாக்கடையில் கொட்டினேன்.

ஆகஸ்ட் 28, புதன்

கோமளா இன்றும் ஓங்கரித்தாள். மண் டப்பாவை மாற்றினாள். பழைய மண்ணைக் கொட்டும்போது பார்த்துவிட்டேன். சகிக்கவில்லை. அருவருப்பு. அருவருப்பு. எழுதவே ஆனந்தமாக இருக்கிறது.

காலையில் கூழ் குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை அவளைத் தாண்டிக் குழாயடிக்குப் போகிறேன். அவள் மூக்கை மூடுகிறாளா என்று பார்த்துக்கொண்டு திரும்பி வருகிறேன். அதற்கு அப்புறம்தான் எனக்குக் கூழ் இறங்குகிறது.

ஆகஸ்ட் 31, சனி

மூடவில்லை.

இரண்டு தடவை தாண்டினேன். பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா மாமா?" என்று நிமிர்ந்து பார்த்தாள். முந்தானை இடுப்பில் செருகியபடியே இருந்தது. ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். கூழ் குடிக்கவில்லை. வகுப்புக்குப் போகவில்லை.

மத்தியானம் தும்மினாள். அடுக்கடுக்காக ஆறு தும்மல். ஜலதோஷமாக இருக்கலாம். இருக்க வேண்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்றும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. சிந்திச் சிந்திச் சுவரில் துடைக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் கோமளா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குளிக்காமலே தாண்டிப் போனேன். முந்தானையை இழுத்து மூக்கை இறுக்கி மூடிக்கொண்டு, "சே, இன்னா மாமா இது!" என்றாள்.

குழாயடியில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் இன்னொரு தடவை போய் வந்தேன்.